திரைச்சீலை முதல் தரைவிரிப்பு வரை: கோலாலம்பூர் வீட்டுக்கு எந்த இயற்கைத் துணி?

புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் பெரும்பாலோர் நேராகப் போவது துணிக்கடைக்குத்தான். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் நாலு கடை, மஸ்ஜித் இந்தியாவில் நாலு கடை ஏறி இறங்கினால் தலை சுற்றிவிடும். இப்போது பலர் கூடுதலாக ஒன்றும் கேட்கிறார்கள்: பிளாஸ்டிக் நூல் வேண்டாம், மண்ணுக்குக் கெடுதல் செய்யாத இயற்கைத் துணியாக வேண்டும். கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதியவை. சன்னலுக்கு லினன், தரைக்குச் சணல், சோபாவுக்குக் கம்பளி என்று சொல்லிவிடுவார்கள். அதை அப்படியே கொண்டுவந்து செந்தூலில் ஒரு கொண்டோவில் மாட்டினால், ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் பூஞ்சை வாடை அடிக்கும்.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: துவைத்தால் இந்தத் துணி உங்கள் வீட்டில் எங்கே காயும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

## எதை வைத்துத் தேர்வது

காய்தல். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இயற்கை நார்கள் எல்லாமே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துணி வணிகத்தில் இதற்கென்றே ஒரு கணக்கு உண்டு: 100 கிராம் உலர்ந்த பாலியெஸ்டர் வெறும் 0.4 கிராம் ஈரம் பிடிக்கும், பருத்தி 8.5 கிராம், பட்டு 11, லினன் 12, சணல் 13.75. இது மிதமான ஈரப்பதத்தில் எடுத்த கணக்கு. நம் ஊர்க் காற்றில் இன்னும் கூடும். தோலுக்குக் குளுமையாக இருப்பதற்கும் இதுதான் காரணம், பூஞ்சை பிடிப்பதற்கும் இதுதான் காரணம். தாமான் வீட்டில் வாசலில் கொடி கட்டி நாலு மணி நேர வெயிலில் காயவைக்கலாம். கொண்டோவில் நிலைமை வேறு. பல இடங்களில் பால்கனியில் துணி போட நிர்வாகம் விடுவதில்லை. பின்பக்கத்துச் சின்ன யார்டில் வெயிலே படாது. கனமான திரையை அங்கே போட்டால் இரண்டு நாள் ஆனாலும் ஈரமாகத்தான் இருக்கும்.

டோபி கடைக்குக் கொண்டுபோய் டிரையரில் போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் முன்பே சுருக்கி எடுக்காத பருத்தியும் லினனும் அந்தச் சூட்டில் நன்றாகச் சுருங்கும், சணலை அதில் போடவே கூடாது.

வெயில். மேற்குப் பார்த்த சன்னல் என்றால் துணியின் ஆயுள் பாதியாகிவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: நேர் வெயிலைத் தாங்குவதில் பாலியெஸ்டர் பருத்தியைவிட மேல், பட்டைவிட வெகு மேல். இயற்கைத் துணிதான் வேண்டும் என்றால் பின்னால் தனியாக ஒரு லைனிங் துணி தைத்துக்கொள்ளுங்கள். வெயிலை அது வாங்கிக்கொள்ளும். நைந்து போனால் அதை மட்டும் மாற்றலாம்.

சாயம். நார் இயற்கையாக இருந்தாலும் சாயம் அப்படி இருக்க வேண்டும் என்றில்லை. தமிழ்நாட்டுத் துணியை நாம் ஆசையாக வாங்குகிறோம். திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாடு அந்தப் பக்கத்து உழவர்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. வீட்டுத் துணிக்குப் பேர்போன கரூரின் அமராவதி ஆற்றுக்கும் இதே கதிதான். ஆகவே ஒரு துணி பருத்தி என்பதற்காகவே அது பசுமையானது என்று முடிவு கட்ட என்னால் முடியவில்லை. வெளுக்காத, சாயம் போடாத துணிக்கு நான் எப்போதும் ஒரு படி கூடுதல் மதிப்பெண் தருவேன்.

முழுச் செலவு. கடையில் மீட்டருக்கு இத்தனை வெள்ளி என்று எழுதியிருப்பது பாதிக் கணக்குத்தான். துணியின் அகலம்தான் பலரை ஏமாற்றிவிடும். 2.4 மீட்டர் அகலமுள்ள ஒரு சன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்பு அழகாக விழ இரண்டு மடங்கு துணி வேண்டும், அதாவது 4.8 மீட்டர் அகலம். திரைக்கென்றே வரும் 2.8 மீட்டர் அகலத் துணி என்றால் அதைப் பக்கவாட்டில் திருப்பி 4.8 மீட்டர் வாங்கினால் போதும். 1.4 மீட்டர் அகலத் துணி என்றால் நாலு பட்டை வேண்டும். மேல்மடிப்பு, அடிமடிப்பு எல்லாம் சேர்த்து ஒரு பட்டைக்கு 2.7 மீட்டர் நீளம், மொத்தம் 10.8 மீட்டர். அகலமான துணிகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். நல்ல பருத்தியும் கைத்தறியும் குறுகலாகத்தான் வரும். ஆக, மீட்டர் விலை குறைவாகத் தெரிந்தாலும் பில்லில் தொகை கூடிவிடும். இதோடு லைனிங், தையல் கூலி, இஸ்திரி எல்லாம் சேரும்.

இன்னொரு செலவைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி திரை மாற்றுகிற பழக்கம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன ஒரு சன்னலுக்கே மூன்று கிலோ துணி வரும், 30,000 லிட்டர். அதை வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால், எவ்வளவு உயர்ந்த இயற்கைத் துணி வாங்கியும் பயனில்லை. பண்டிகைக்குக் குஷன் உறையை மாற்றுங்கள், மேசை விரிப்பை மாற்றுங்கள், திரையைக் கட்டும் நாடாவை மாற்றுங்கள். வீடு புதிதாகத்தான் தெரியும்.

தீ. சாமி மேடை உள்ள வீடு என்பதால் இதையும் சேர்க்கிறேன். பருத்தி, லினன், சணல் மூன்றும் சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கு எரியும் இடத்தில் காற்றில் அசையும் எந்தத் துணியும் வேண்டாம். எண்ணெய்ப் புகையும் சாம்பிராணி வாடையும் வேறு அதில் ஏறிக்கொள்ளும்.

## பருத்தி

பெரும்பாலான வீடுகளுக்கு என் பதில் பருத்திதான். துவைக்கலாம், வெந்நீரில் போடலாம், நனைந்தால் நூல் இன்னும் வலுவாகும். எந்தத் தையல்காரரும் தைத்துத் தருவார். மஞ்சள் கறை பட்ட வெள்ளைப் பருத்தி விரிப்பைத் துவைத்து வெயிலில் போட்டால் கறை தானாக வெளுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளின் நிறத்தை வெயில் சிதைத்துவிடும். சாப்பாட்டு மேசைக்கு இதைவிடப் பொருத்தமான துணி நம் சமையலுக்கு இல்லை.

பருத்தியிலேயே மூன்று வழி இருக்கிறது. முதலாவது, கயின் பெலாச்சு. தமிழ்நாட்டில் காடா துணி என்பார்களே, அதுதான். வெளுக்காமல், சாயம் போடாமல், லேசான பழுப்பில், ஆங்காங்கே பருத்திக் கொட்டையின் கரும்புள்ளி தெரிய வரும். விலையும் குறைவு. பலர் இதை உள்துணி, மாதிரித் துணி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கோ இந்தத் துணி மிகவும் பிடிக்கும். கொஞ்சம் கனமான பெலாச்சுவில் நிறைய மடிப்பு வைத்துத் தைத்து மாட்டினால், காலை வெளிச்சம் உள்ளே வரும்போது அறை முழுவதும் பால் நிறத்தில் இருக்கும். கஞ்சி போட்டே வருவதால் முதல் துவைப்பில் நன்றாகச் சுருங்கும். தைப்பதற்கு முன் துவைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, கைத்தறி. சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், செட்டிநாட்டுக் கட்டம் போட்ட துணி. ஊருக்குப் போய் வருபவர்கள் பெட்டியில் கொண்டுவந்தால் தனியாகப் போக்குவரத்துச் சுமை இல்லை. கடல்வழியாகக் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தாலும் சுமை பெரிதல்ல. தனித்தனிப் பொட்டலமாக விமானத்தில் வரவழைப்பதுதான் கணக்கைக் கெடுக்கும். பவானி ஜமக்காளத்தைத் தரைவிரிப்பாகப் பாருங்கள்: தட்டையான நெசவு, பஞ்சு மயிர் இல்லை, உதறினால் தூசி போய்விடும், துவைத்தால் காயும். ஆனால் அந்தப் பெயரில் விசைத்தறியில் நெய்ததும் செயற்கை நூல் கலந்ததும் நிறைய வருகிறது. இந்திய அரசின் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, சான்றிதழ் பெற்ற இயற்கை வேளாண் பருத்தி. ஜி.ஓ.டி.எஸ். என்ற உலகளாவிய இயற்கை வேளாண் துணித் தரச் சான்று இருந்தால் குறைந்தது 70 விழுக்காடு இயற்கை வேளாண் நார் இருக்க வேண்டும். ‘ஆர்கானிக்’ என்ற முழுப் பெயரோடு வர 95 விழுக்காடு. சாயம், கழிவுநீர் எல்லாவற்றையும் அந்தச் சான்று கணக்கில் எடுக்கும். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 வேறு விஷயம். கையில் இருக்கும் துணியில் நச்சு வேதிப்பொருள் உண்டா என்று மட்டும் அது பார்க்கும். பாலியெஸ்டருக்கும் அது கிடைக்கும். என் கருத்து: கூடுதல் பணத்தைப் படுக்கை விரிப்புக்கும் தலையணை உறைக்கும் செலவழியுங்கள், குழந்தை இருக்கும் வீட்டில் முக்கியமாக. திரைக்குப் பெலாச்சுவே போதும்.

எச்சரிக்கை ஒன்று. ‘இஸ்திரி தேவையில்லை, கசங்காது’ என்று விற்கும் பருத்தியை வாங்கும்முன் யோசியுங்கள். அப்படிக் கசங்காமல் இருக்கப் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சார்ந்த பிசின்தான் ஏற்றுகிறார்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒருமுறைக்கு இருமுறை துவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

## லினன்

லினன் எடுக்கும் ஆளிச் செடி பெரும்பாலும் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்துக் கடலோரத்தில் வளர்கிறது. அங்கே மழையே போதும், பாசனம் அநேகமாகத் தேவையில்லை. தண்ணீர்க் கணக்கில் பருத்தியைவிட இது வெகு மேல். நனைந்தால் வலுக்கும், துவைக்கத் துவைக்க மென்மையாகும், பருத்தியைவிட வேகமாக உலரும். நம் ஊர் வெக்கைக்குத் தோலில் படுவதற்கு இதைப் போல் சுகமான துணி இல்லை.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் லினன் என்று சொல்லவில்லை? முதல் காரணம் விலை. நல்ல பருத்தியையும் அசல் லினனையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் மடங்குக் கணக்கில் தெரியும். இரண்டாவது, ஐரோப்பாவில் விளைந்த நார் பெரும்பாலும் சீனா போய் நூலாகித் துணியாகித்தான் இங்கே வருகிறது. மூன்றாவது காரணத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். நம் ஊர் ஈரத்தில் லினன் திரை நீளும், சுருங்கும். மழை நாளில் தரையைத் தொடும். ஏசி ஓடும் இரவில் ஒரு விரற்கடை மேலே போகும். தரையோடு சரியாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது தீராத தொல்லை.

கசங்கலைக் குறையாக நினைக்காதவர்களுக்குத்தான் லினன். அதை இஸ்திரி போட்டு நேராக்கியே ஆக வேண்டும் என்றால் மின்சாரமும் உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் செலவாகும். வாங்குவதாக இருந்தால் பெரிய திரையில் போடாமல், தினமும் உடம்பில் படும் படுக்கை விரிப்பிலும், பத்து வருடம் ஓடும் கைத்துண்டு, மேசைத் துண்டுகளிலும் போடுங்கள்.

பெயரையும் நம்ப வேண்டாம். ‘லினன் லுக்’ என்று சொன்னால் அநேகமாகப் பாலியெஸ்டர். ‘காட்டன் லினன்’ என்றால் எத்தனை விழுக்காடு எது என்று கேட்டே வாங்குங்கள்.

## சணல்

வங்காளதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் மழையை நம்பி நாலு மாதத்தில் விளைந்துவிடும் பயிர். மருந்தும் உரமும் குறைவு, மண்ணில் போட்டால் மக்கிவிடும். விளைகிற இடத்தை மட்டும் பார்த்தால் சணலுக்கு முதல் இடம் தரலாம். நம் வீட்டுக்குள் வந்தால்தான் பிரச்சினை.

மேலே சொன்ன ஈரக் கணக்கில் சணல்தான் உச்சியில் இருக்கிறது. நனைந்தால் அதன் வலு குறையும். வெயில் பட்டால் மஞ்சளாகிப் பழுப்பாகும். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் அப்படிப்பட்டது. குளியலறை வாசலிலோ அடுப்படியிலோ சணல் விரிப்பு போட்டால் அடிப்பக்கம் கறுத்துவிடும். சுருட்டி எடுத்துப் பார்க்கும்வரை தெரியாது. துவைக்கவும் முடியாது, தட்டத்தான் முடியும். புதுச் சணலில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வருமே, அது நூற்கும்போது நாரை இளக்கச் சேர்க்கும் எண்ணெயின் வாடை. தாவர எண்ணெய் போட்டு நூற்றதும் கிடைக்கிறது. மூக்கில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். மூடிய அறையில் பழைய வகை வாடை வாரக்கணக்கில் நிற்கும்.

சணல் பொருந்தும் இடங்கள் உண்டு. எப்போதும் காற்றோட்டம் உள்ள ஹாலின் நடுவில், பளிங்குத் தரைமேல், வாரம் ஒருமுறை தூக்கி நிறுத்திவைக்க முடிந்தால் நன்றாக இருக்கும். சுவர்த் தொங்கல், பூந்தொட்டி உறை, கூடை இவற்றுக்கும் சரி. மற்றபடி தரைக்கு மெங்குவாங் பாயையும் பாருங்கள். இங்கேயே வளரும் தாழை இனத்து ஓலையில் பின்னுவது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். அதையும் ஈரத்தோடு சுருட்டி வைக்கக் கூடாது.

## ‘மூங்கில் துணி’

வழுவழுவென்று, குளுமையாக, ‘நூறு விழுக்காடு மூங்கில்’ என்று பெட்டியில் இலை படத்தோடு வருகிறதே, அது பெரும்பாலும் விஸ்கோஸ். மூங்கிலைக் கூழாக்கி, கார்பன் டைசல்பைடு போன்ற வேதிப்பொருளில் கரைத்து, திரும்ப நூலாக இழுக்கிறார்கள். மூங்கில் வேகமாக வளர்வது உண்மைதான். ஆனால் அந்த ஆலையில் வேலை செய்பவர்களின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடிய வேதிப்பொருள் அது. அமெரிக்காவில் இப்படி ரேயானை (விஸ்கோஸும் ரேயான்தான்) மூங்கில் என்று விற்றவர்கள் மேல் 2009லேயே அரசு அமைப்பு நடவடிக்கை எடுத்தது.

வீட்டில் இன்னொரு சங்கடம்: நனைந்தால் விஸ்கோஸ் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். அடிக்கடி துவைக்கும் பொருளுக்கு இது ஆகாது. இங்கே விற்கும் மலிவான பாத்தேக் பலவும் ரேயான்தான். குஷன் உறைக்கு அழகாக இருக்கும், தினம் உட்காரும் சோபாவுக்கு நிற்காது. பாத்தேக் வேண்டுமென்றால் பருத்தியில் போட்டது கேளுங்கள்.

## பட்டும் கம்பளியும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பட்டை வெயில் தின்றுவிடும். சன்னலுக்குப் பட்டு வேண்டாம். கம்பளி சட்டென்று தீப்பிடிக்காது, நீண்ட காலம் உழைக்கும். ஆனால் நமக்கு அந்தச் சூடு எதற்கு? பூச்சி வேறு அதைத் தேடி வரும். ஏசியை 18ல் வைத்துக் கம்பளிப் போர்வைக்குள் படுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

## பெட்டியில் இருக்கும் சேலை

இதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. புதிதாக எதுவும் விளைய வேண்டாம், சாயம் ஏற வேண்டாம், கப்பல் ஏற வேண்டாம். ஏற்கெனவே நெய்த துணிதான் எல்லாவற்றிலும் சிக்கனமானது. அம்மாவின் அலமாரியில், பாட்டியின் பெட்டியில் யாரும் கட்டாத பருத்திச் சேலைகள் இல்லாத வீடு நம்மிடம் குறைவு.

அளவும் அற்புதமாக ஒத்துவருகிறது. ஒரு சேலை 5.5 மீட்டர் நீளம், அகலம் 1.15 மீட்டர் அளவில் இருக்கும். குறுக்கே இரண்டாக வெட்டினால் 2.75 மீட்டரில் இரண்டு பட்டை. உயரம் 2.4 மீட்டர் திரைக்கு மேல்மடிப்பு, அடிமடிப்பு எல்லாம் போக அச்சாக இருக்கும். முன்பு சொன்ன சன்னலுக்கு இரண்டு சேலை போதும். இரண்டிலும் முந்தானைப் பாதியைக் கீழே வருமாறு வைத்து ஓரங்களில் தொங்கவிடுங்கள், வெறும் பாதிகளை நடுவில் விடுங்கள். பக்கவாட்டில் ஓடும் கரை, திரைக்கு ஓரமாகவே அமைந்துவிடும். தனியாக மடித்துத் தைக்க வேண்டாம், தையல் கூலியும் குறையும். அடுப்படிச் சன்னலுக்கு வெட்டவே வேண்டாம். சேலையைப் படுக்கை வாட்டில் வைத்து மேலே கம்பி கோக்க மட்டும் மடித்துத் தைத்தால், கரை கீழே அழகாக ஓடும்.

கண்டாங்கி போல் கெட்டியான நெசவு என்றால் ஹாலுக்குச் சரி. மல்மல், சுங்குடி போல் மெல்லியது என்றால் வெளிச்சம் வடிகட்டும் உள்திரையாகப் போடலாம். அண்டை வீட்டுக்காரருக்கு நிழலாகத் தெரியும் என்பதால் இரவுக்குப் பின்னால் பெலாச்சு லைனிங் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இதிலும் உண்டு. நெடுநாள் மடித்து வைத்த சேலை, மடிப்பு வழியாகக் கிழியும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மடிப்புக் கோட்டில் ஊசித் துளைகள் தெரிந்தால் திரைக்கு வேண்டாம், குஷனுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்தால் நூல் விலகுகிறதா என்று தெரியும். பழைய பட்டுச் சேலையில் ஜரிகை கனம் தாங்காமல் கிழியும். குஷன் உறையாக்கி, உட்பக்கம் பருத்தி ஒட்டுத்துணி கொடுத்து, வெயில் படாத மூலையில் வையுங்கள். பட்டு என்று கொடுத்தது பாலியெஸ்டராகவும் இருக்கலாம், சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்புறம், கத்தரி வைப்பதற்கு முன் வீட்டில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். யாருடைய வளைகாப்புச் சேலை எது என்பது நமக்குத் தெரியாமலே இருக்கும்.

குஷனுக்குள் அடைக்க இலவம்பஞ்சு பாருங்கள். கெக்காபு என்று கேட்டால் இங்கே எல்லோருக்கும் தெரியும். மரத்தில் காய்ப்பது, தண்ணீர் ஒட்டாது, முன்பு உயிர்காப்பு மிதவைகளில்கூட அடைத்தார்கள். துவைக்க முடியாது, வெயிலில்தான் போட வேண்டும். வெயில் வராத கொண்டோவில் கட்டியாகி வாடை வரும்.

## ஒரு பார்வையில்

| துணி | நம் ஊர் ஈரத்தில் | மேற்கு வெயிலில் | மறைந்திருக்கும் செலவு | பொருத்தமான இடம் |
|---|---|---|---|---|
| கயின் பெலாச்சு | சுமார், துவைத்தால் சரி | லைனிங் வேண்டும் | முதல் சுருக்கம், அகலக் குறைவு | திரை, லைனிங், சோபா உறை |
| கைத்தறிப் பருத்தி | சுமார் | சாயம் மங்கும் | போலி, அகலக் குறைவு | படுக்கை, தரை, மேசை |
| லினன் | வேகமாக உலரும், அளவு மாறும் | பரவாயில்லை | விலை, இஸ்திரி | படுக்கை, துண்டு |
| சணல் | மோசம் | பழுப்பாகும் | துவைக்க முடியாது, சீக்கிரம் மாற்ற வேண்டும் | காற்றோட்டமுள்ள ஹால், அலங்காரம் |
| மூங்கில் விஸ்கோஸ் | நனைந்தால் வலு போகும் | சுமார் | வேதிப்பொருள், குறைந்த ஆயுள் | தவிர்க்கலாம் |
| பட்டு | சுமார் | ஆகாது | டிரை கிளீனிங் | வெயில் படாத குஷன் |
| பழைய பருத்திச் சேலை | எளிதில் உலரும் | லைனிங் வேண்டும் | நைந்த மடிப்பு | திரை, குஷன், அடுப்படி |

## எந்த வீட்டுக்கு எது

கொண்டோ, யார்டில் வெயில் இல்லை, மேற்குப் பார்த்த ஹால் என்றால்: மெல்லிய சேலைத் திரை முன்னால், பெலாச்சு லைனிங் பின்னால், இரண்டையும் தனித்தனிக் கம்பியில் மாட்டுங்கள். ஒரே நேரத்தில் கனமாகத் துவைக்க வேண்டியதில்லை. மெல்லிய துணி என்றால் விசிறிக் காற்றிலேயே உலர்ந்துவிடும். ஈரம் பிழிந்ததும் திரும்பக் கம்பியிலேயே மாட்டி, சன்னலைத் திறந்து வைத்தாலும் போதும். புகைமூட்டக் காலம் முடிந்ததும் எப்படியும் எல்லாத் திரையையும் துவைக்க வேண்டிவரும், அப்போது இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

தாமான் வீடு, முன்வாசலில் வெயில் உண்டு என்றால் கெட்டியான கைத்தறி, ஜமக்காளம், இலவம்பஞ்சு எல்லாமே உங்களுக்குத் தாராளமாக ஒத்துவரும்.

பினாங்கில் கடலைப் பார்த்த வீடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். உப்புக் காற்று படிந்த துணி முழுதாக உலர்வதே இல்லை. இரும்புக் கொக்கி துருவேறிப் பருத்தியில் கறை பிடிக்கும், அது போகவே போகாது. மர வளையமோ துருப்பிடிக்காத எஃகோ போடுங்கள், திரையை இன்னும் அடிக்கடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். சணல் பக்கம் போகாதீர்கள்.

வாடகை வீடு என்றால் சன்னல் அளவுக்குத் தைக்கவே வேண்டாம். சேலையை வெட்டாமல் வளையக் கிளிப்பில் மாட்டிக்கொள்ளுங்கள், அடுத்த வீட்டுக்கும் வரும்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல பாலியெஸ்டர் திரை தொங்குகிறதா? அதைக் கழற்றிக் குப்பையில் போட்டு இயற்கைத் துணி வாங்காதீர்கள். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2017ல் வெளியிட்ட அறிக்கை, கடலில் சேரும் முதல்நிலை நுண்பிளாஸ்டிக்கில் (அதாவது சிறு துகளாகவே கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில்) சுமார் 35 விழுக்காடு செயற்கைத் துணிகளைத் துவைப்பதால் வருகிறது என்று சொல்கிறது. வருடத்தில் இரண்டு முறை துவைக்கும் திரைக்கு அதில் பங்கு சிறிது. வாராவாரம் துவைக்கும் படுக்கை விரிப்புக்கும் தலையணை உறைக்கும்தான் பங்கு பெரிது. மாற்றத்தை அங்கிருந்து தொடங்குங்கள், திரை கிழியும்வரை ஓடட்டும்.

## கடையில் நிற்கும்போது

ஒரு துண்டு மாதிரித் துணி கேட்டு வாங்கி வாருங்கள், பெரும்பாலான கடைகளில் தருவார்கள். வீட்டில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க்கின் மேல் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாடையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி, லினன், சணல் அல்லது விஸ்கோஸ். முடி கருகும் வாடை என்றால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக உருண்டால் செயற்கை நூல். பருத்தியையும் விஸ்கோஸையும் பிரிக்க இன்னொரு நூலை எச்சில் தொட்டு நனைத்து இழுங்கள்: நனைந்த இடத்தில் பட்டென்று அறுந்தால் விஸ்கோஸ், இழுத்து நின்றால் பருத்தி.

துணி எடுத்ததும் நேராகத் தையல்காரரிடம் கொடுக்காதீர்கள். வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே ஒருமுறை துவைத்து, டிரையரில் போடுகிறவர் என்றால் டிரையரிலும் போட்டு எடுங்கள். 5 விழுக்காடு சுருங்கினாலே 2.4 மீட்டர் திரையில் 12 சென்டிமீட்டர் போய்விடும். அதனால் 10.8 மீட்டர் தேவை என்றால் பதினொன்றரை மீட்டராக வாங்குங்கள். துவைத்த பிறகும் கொஞ்சம் சுருங்கும் துணி உண்டு. அடி மடிப்பை 15 சென்டிமீட்டர் விட்டுத் தைக்கச் சொன்னால், பிறகு பிரித்து இறக்கிக்கொள்ளலாம். கடைக்காரரே தைத்துத் தருவதாகச் சொன்னால், ரோலிலிருந்து வெட்டியதும் அப்படியே தைத்துவிடுவார்கள். துணியை முதலில் கையில் வாங்கிக்கொண்டு, துவைத்த பிறகு திரும்பக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.